"வாயில கொழுக்கட்டையா?" என்று கேட்கப்படுபவர்களுக்கு: பேச்சுக்குள் நுழைவது எப்படி

நாலு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உங்களிடமும் சொல்ல ஒன்று இருக்கிறது. வாக்கியத்தை மனதுக்குள் கோத்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. அடுத்ததைக் கோக்கிறீர்கள், அதுவும் போகிறது. அரை மணி நேரம் கழித்து யாரோ திரும்பி, "நீ ஏன் ஒண்ணுமே பேச மாட்டேங்கற?" என்கிறார். எல்லார் கண்ணும் உங்கள் மேல். அன்றைக்கு அதோடு வாய் பூட்டிக்கொள்கிறது.

புது வேலை, புது விடுதி, கல்யாணமாகிப் போன வீடு என்று புது இடங்களில்தான் இது அதிகம் வதைக்கும். "வாயில்லாப் பூச்சி" என்பார்கள். கொஞ்சம் நாள் போனால் "அமுக்கினி" என்பார்கள், அது இன்னும் மோசம். பேசுவதில் விருப்பமே இல்லாமல், அதில் நிம்மதியாகவும் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. அமைதி ஒரு குறையல்ல. சொல்ல ஆசை இருந்தும் முடியாமல், வீட்டுக்கு வந்து படுத்தபின் "அப்பவே சொல்லியிருக்கலாமே" என்று புரண்டுகொண்டிருப்பவர்களுக்குத்தான் இது. இரண்டு மாதக் கணக்கில் எழுதியிருக்கிறோம். பெரிய செலவு இல்லை. ஆனால் வரிசை முக்கியம். நேராக நான்காம் படிக்குத் தாவாதீர்கள்.

1. முதல் வாரம் பேச வேண்டாம், எழுதுங்கள்

எழுதுவதற்கு இருபது ரூபாய் விலையில் நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். ஏழு நாளும், பேச நினைத்துப் பேசாமல் விட்ட ஒவ்வொரு இடத்தையும் அன்றிரவே எழுதுங்கள். நான்கு கட்டம் போடுங்கள்: எங்கே, எத்தனை பேர், சொல்ல நினைத்த வாக்கியம் என்ன, எந்த இடத்தில் நின்றுபோனது. நான்காவது கட்டம்தான் உயிர். "பயம்" என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் பயனில்லை. "சொல்ல வந்தேன், அதற்குள் இன்னொருவர் ஆரம்பித்துவிட்டார்" என்பது ஒரு வகை. "இடம் கிடைத்தது, நெஞ்சு படபடத்தது, விட்டுவிட்டேன்" என்பது வேறு வகை. "அவர் என்ன சொன்னார் என்றே சரியாகக் காதில் விழவில்லை", "வார்த்தை வாயில் மாட்டிக்கொண்டது", "இங்கிலீஷில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை" என்பவை தனித்தனி.

ஏழாம் நாள் எண்ணிப் பாருங்கள். எது அதிகம் என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் "தன்னம்பிக்கை வேணும்" என்ற ஒரே மருந்தைத் தேடுவதுதான் பலர் செய்யும் முதல் தப்பு. காது மந்தமானவருக்குத் தன்னம்பிக்கை வகுப்பால் என்ன பயன்?

2. காதும் நாக்கும் சரியா என்று பாருங்கள்

"சத்தம் கேக்குது, வார்த்தை புரியல", அதுவும் மின்விசிறி ஓடும் அறையிலும் கூட்டத்திலும் மட்டும், என்று குறிப்பில் மூன்று நான்கு முறை வந்திருந்தால் முதலில் காதைச் சோதியுங்கள். லேசான செவித்திறன் குறைவு உள்ளவர்கள் இருவர் பேச்சில் சமாளித்துவிடுவார்கள், நால்வர் பேச்சில் தொலைந்துபோவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் செவித்திறன் சோதனை செய்கிறார்கள். காலை புறநோயாளிச் சீட்டு போடும் நேரத்துக்குப் போய்விடுங்கள். சோதனை அரை மணிக்குள் முடிந்துவிடும், காத்திருப்புதான் நீளும். தனியார் மையத்தில் சில நூறு ரூபாய் ஆகும். இரண்டு காதுக்கும் தனித்தனிக் கோடு போட்ட வரைபடத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். "நார்மல்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது.

திக்குவாய் இருக்கிறதென்று வெளியே தெரியாமலே இருக்கலாம். "ப"வில் தொடங்கும் சொல் வந்தால் வேறு சொல்லை மாற்றிப் போடுவது, சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் விசிட்டிங் கார்டை நீட்டுவது, ஹோட்டலில் வேண்டியதை விட்டுச் சொல்ல எளிதானதை ஆர்டர் செய்வது: இவை உங்களுக்குப் பழக்கம் என்றால் இது கூச்சம் அல்ல, மறைத்து வைத்த திக்கல். பேச்சுப் பயிற்சியாளரிடம் போங்கள். அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் தப்பில்லை, கேட்டே ஆக வேண்டும். "பத்தே நாளில் திக்குவாய் முழு குணம்" என்று சுவரொட்டி ஒட்டுபவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். திக்கல் உள்ளவர்களே நடத்தும் சுயஉதவிக் குழுக்கள் உண்டு, அவற்றையும் தேடிப் பாருங்கள்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் வாய் ஓயாமல் பேசும் குழந்தை பள்ளியில் ஒரு மாதத்துக்கு மேல் வாயே திறக்கவில்லை என்றால் அதை அடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குழந்தை மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அதட்டிப் பேச வைக்கப் பார்த்தால் இறுகிவிடும்.

3. பயம் எந்த அளவு?

மூன்று கேள்விகள். கடந்த ஒரு வாரத்தை நினைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுங்கள். 0 என்றால் துளியும் இல்லை, 4 என்றால் மிக அதிகம். அசிங்கப்பட்டுவிடுவோமோ என்ற பயத்தால் சில வேலைகளையோ ஆட்களோடு பேசுவதையோ தவிர்க்கிறீர்களா? எல்லார் பார்வையும் உங்கள் மேல் விழும் காரியங்களைத் தவிர்க்கிறீர்களா? அசிங்கப்படுவதும் முட்டாளாகத் தெரிவதும் உங்களுடைய மிகப் பெரிய பயங்களில் சேருமா?

மினி ஸ்பின் என்று மருத்துவர்கள் பயன்படுத்தும் சிறு வினாத்தாள் இது. கூட்டினால் 6 அல்லது அதற்கு மேல் வந்தால் சமூகப் பதற்றக் கோளாறு, அதாவது நாலு பேர் முன்னால் அளவுக்கு மீறிப் பயப்படும் நோய், இருக்கிறதா என்று முறையாகப் பார்க்க வேண்டும் என்று பொருள். நோய் உறுதி என்று பொருளல்ல. ஆறு மாதத்துக்கு மேலாக இப்படியே இருந்து, அதனால் வேலையோ படிப்போ வரனோ தவறிப்போயிருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

எங்கே போவது? முதல் பேச்சுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவித் தொலைபேசி) அழைக்கலாம். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். முகம் பார்க்காமல் பேசுவது இந்தப் பிரச்சினை உள்ளவர்களுக்கு நிஜமாகவே எளிது. நேரில் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு. தனியாரில் உளவியல் ஆலோசனைக்குச் சென்னையில் ஓர் அமர்வுக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று ஆகலாம். இந்தப் பயத்துக்கு நன்றாக வேலை செய்வது அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, அதாவது பயமூட்டும் நினைப்பையும் தவிர்க்கும் பழக்கத்தையும் பேசியும் பழகியும் மாற்றும் முறை. வாரம் ஒன்று வீதம் 12 முதல் 16 அமர்வு வரை எடுக்கும். ஆகவே முதல் நாளே மொத்தச் செலவைக் கேட்டுவிடுங்கள். நாலு அமர்வோடு காசு தீர்ந்து நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கிறது.

கையில் கொண்டு போக வேண்டியவை: அடையாள அட்டை, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், செவித்திறன் வரைபடம் இருந்தால் அது, முக்கியமாக அந்த நோட்டு. டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் இந்தப் பயம் உள்ளவர்களுக்குப் பேச்சு வராது. நோட்டைத் திறந்து முதல் பக்கத்தை நீட்டிவிடுங்கள், பாதி வேலை முடிந்தது.

மாத்திரை விஷயத்தில் இரண்டு பொறிகள். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மருத்துவர் எழுதித் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகள் சில வாரங்கள் கழித்துத்தான் வேலை காட்டும். ஒரு வாரத்தில் "ஒண்ணும் தெரியல" என்று தானாக நிறுத்தக் கூடாது. இன்னொன்று, படபடப்புக்கு என்று நண்பர்கள் கைமாற்றும் ப்ரொப்ரனலால். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. யார் கொடுத்தாலும் மருத்துவர் சொல்லாமல் போடாதீர்கள். பேச்சு வருகிறதே என்று நாலு பேரோடு சேரும்போதெல்லாம் குடிப்பதும் இதே கதைதான். குடி இல்லாமல் வாய் திறக்காது என்ற நிலையில் கொண்டு போய் விடும்.

4. வாசல் எப்போது திறக்கிறது என்று காதால் பிடியுங்கள்

உங்கள் நோட்டில் "அதற்குள் இன்னொருவர் ஆரம்பித்துவிட்டார்" என்பதுதான் அதிகம் என்றால் உங்களுக்கு வேண்டியது தைரியம் அல்ல, நேரம் பிடிக்கும் பழக்கம். இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள்.

ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்க எவ்வளவு இடைவெளி விடுகிறார்கள் என்று ஜப்பானியம், கொரியன் உட்பட 10 மொழிகளை ஒப்பிட்டு 2009இல் ஓர் ஆய்வு வந்தது. பெரும்பாலும் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. கண் சிமிட்டும் நேரம். ஒரு முழு வாக்கியத்தை மனதில் தயாரிக்கவோ ஒரு விநாடிக்கு மேல் ஆகும். அதாவது சரளமாகப் பேசுகிறவர்கள் அடுத்தவர் முடிக்கும் வரை காத்திருப்பதில்லை. அவர் பேசும்போதே முடிவை ஊகித்துத் தயாராகிவிடுகிறார்கள். நீங்கள் மரியாதையாக, முழு நிசப்தம் வரட்டும் என்று காத்திருக்கிறீர்கள். அந்த நிசப்தம் வராது.

தமிழில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வரும். "போனேன்", "வரல", "இருக்கு", "சொல்லிட்டான்" என்று முற்று விழுந்தால் வாசல் திறந்துவிட்டது. "போய்ட்டு", "சொல்லி", "வந்தா", "போறப்போ", "-னு" என்று எச்சத்தில் நின்றால் அவர் மூச்சு வாங்குகிறார், முடிக்கவில்லை. அமைதியானவர்கள் செய்யும் விசித்திரமான தப்பு இதுதான்: எச்சத்தில் வரும் நீண்ட இடைவெளியைப் பார்த்து நுழைந்து "குறுக்க பேசாத" என்று வாங்கிக்கட்டிக்கொள்வார்கள், முற்றில் வரும் கண் சிமிட்டும் இடைவெளியை விட்டுவிடுவார்கள்.

பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆபீஸ் வாசல் டீக்கடை, நால்வர்.

"நேத்து கேன்டீன்ல சாம்பார் சாதம் வாங்கினேன்டா, ரெண்டு வாய் சாப்ட்டுட்டு..."

டீயை ஒரு மிடறு குடிக்கிறார். இரண்டு விநாடி போகிறது. இது பூட்டிய கதவு.

"...அப்படியே வச்சிட்டு வந்துட்டேன்."

"வந்துட்டேன்" என்பதன் "ட்டேன்" காதில் விழும்போதே உங்கள் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை, அடுத்தவர் எடுத்துக்கொண்டார்:

"கான்ட்ராக்ட் மாறினதுல இருந்தே அப்படித்தான்டா இருக்கு, இல்ல?"

"இல்ல?" என்பது அகலத் திறந்த கதவு. "என்ன நான் சொல்றது?", "புரியுதா?", "அவ்ளோதான்" எல்லாம் அப்படியே. இங்கே நீங்கள்:

"எனக்கு என்ன தோணுதுன்னா, வெள்ளிக்கிழமை மட்டும் நல்லா இருக்கு."

இந்தத் தொடக்கத்தைக் கவனியுங்கள். "தோணுதுன்னா" என்று நின்றதும் கேட்பவர் காது அடுத்ததற்குக் காத்திருக்கிறது. இப்போது எச்சம் உங்கள் கையில், பூட்டும் உங்கள் கையில். "நான் என்ன கேக்கறேன்னா", "அதுல விஷயம் என்னன்னா", "அப்படி இல்ல, எப்படின்னா" எல்லாம் இதே வேலையைச் செய்யும். ஒரு விநாடி இடம் பிடித்துத் தரும். மீதி வாக்கியத்தை அந்த ஒரு விநாடியில் கோத்துவிடலாம். இரண்டு விநாடிக்கு மேல் இழுத்தால் பூட்டு திறந்துகொள்ளும்.

பயிற்சி: தினம் பத்து நிமிடம் தொலைக்காட்சி விவாதமோ யூடியூபில் நாலு பேர் அரட்டையோ போடுங்கள். திரையைப் பார்க்காமல் கேளுங்கள். ஒவ்வொரு முற்றுக்கும் விரலால் மேசையைத் தட்டுங்கள். முதல் இரண்டு நாள் தட்டு தாமதமாக விழும். ஒரு வாரத்தில் முற்று விழும்போதே, சில சமயம் விழும் முன்பே, விரல் எழும். பஸ்ஸில் பின்சீட்டுப் பேச்சிலும் மனதுக்குள் தட்டலாம்.

5. முதல் சொல்லைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்

எவரிடம் எந்தச் சொல் என்பது இடத்துக்கு இடம் மாறும். பெரியவர்கள் நடுவே "மாமா, நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்று கேட்பது அழகு. அதே கேள்வியை வேகமாகப் பேசும் நண்பர்கள் நடுவே கேட்டால் சாவியை அவர்கள் கையில் கொடுத்ததாகிவிடும். ஒருவருக்கும் காதில் விழாது. அங்கே ஒருவரைக் கூப்பிட்டுத் தொடங்குங்கள்: "டேய் கார்த்தி, அது அப்படி இல்லடா." அலுவலகத்தில் "அண்ணே, ஒரு நிமிஷம்", "சார், இதுல ஒண்ணு", கொங்குப் பக்கம் "ஏனுங்ணா". கூப்பிட்டதும் அந்த ஒருவர் கண் உங்கள் மேல் வரும். மற்றவர்கள் அவர் கண்ணைத் தொடர்வார்கள். எல்லாரையும் பார்த்துப் பேசத் தேவையில்லை, அந்த ஒருவரிடம் பேசுங்கள்.

முதல் அசை சத்தமாக இருக்கட்டும். அமைதியானவர்கள் மெதுவாகத் தொடங்கிப் பிறகு குரல் ஏற்றுவார்கள். ஆனால் இடம் கிடைப்பதும் கிடைக்காததும் முதல் அரை விநாடியில் முடிந்துவிடுகிறது. வீட்டில் போனை மூன்று மீட்டர் தள்ளி வைத்து, மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, செய்தித்தாளில் ஐந்து வாக்கியம் வாசித்துப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் சொல்லும் தெளிவாகக் கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள். மற்றதை மதிப்பிடாதீர்கள்; சொந்தக் குரல் பதிவில் எல்லாருக்குமே வேறு மாதிரிதான் கேட்கும்.

வாக்கியத்தைப் பட்டை தீட்டிக்கொண்டிருப்பதுதான் பெரிய எதிரி. முதல் வாசலுக்குத் தயாரித்தது மூன்றாவது வாசலில் பழசாகிவிடும். பாதி தயாரானதும் நுழையுங்கள். ரொம்பத் தள்ளிப்போய்விட்டால் அதற்கும் வழி உண்டு: "முன்னாடி கேன்டீன் பத்திப் பேசினோம்ல, அதுல ஒண்ணு விட்டுப்போச்சு." தமிழில் இது முழுக்க இயல்பான பேச்சு. யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள்.

6. வாரக் கணக்கு

இரண்டாம் வாரம் வெறும் "உம்" கொட்டுங்கள். "அமைதி" என்ற பெயர் பேசாததால் மட்டும் வருவதில்லை. கேட்டுக்கொண்டிருப்பதைக் காட்டாததால்தான் பாதி வருகிறது. முகத்தை இறுக வைத்துக் கேட்பவரைத் திமிர் பிடித்தவர் என்கிறார்கள். "ம்", "அட", "அப்புறம்?", "ஐயையோ", "நெஜமாவா?" இதையே சொல்பவரை "நல்லாப் பழகுவாங்க" என்கிறார்கள், அவர் வேறொன்றும் பேசாவிட்டாலும். முற்று விழும் இடங்களில் ஒரு "ம்" போடுவது, நான்காம் படியில் சொன்ன வாசல் பிடிக்கும் பயிற்சியும்தான். தினம் மூன்று உரையாடல் போதும்.

மூன்றாம் வாரம் இருவர் பேச்சு. ஒரு கேள்வி, அதோடு உங்களைப் பற்றி ஒரு தகவல். "எந்த ஊரு? நான் விருத்தாசலம் பக்கம்." கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டே போனால் விசாரணை மாதிரி ஆகிவிடும். பலர் இங்கேதான் தட்டுத்தடுமாறுகிறார்கள்: கேட்கப் பயமில்லை, தன்னைப் பற்றிச் சொல்லத்தான் பயம்.

நான்காம், ஐந்தாம் வாரம் மூன்று நான்கு பேர். ஒரு சந்திப்புக்கு ஒரே ஒரு நுழைவு, அதுவும் முதல் ஐந்து நிமிடத்துக்குள். பத்து நிமிடம் மௌனமாகிவிட்டால் பிறகு சொல்லும் முதல் வார்த்தை ஒரு சம்பவமாகிவிடும். "ஓ, பேசிட்டாரே!" என்று யாராவது சொல்ல, மறுபடி பூட்டு. ஐந்து பேருக்கு மேல் இருந்தால் கூட்டம் தானே இரண்டாக உடையும். உடையும் இடத்தில் உட்காருங்கள், ஓரத்தில் வேண்டாம்.

இதோடு பேச்சிலிருந்து ஒளிந்துகொள்ளும் பழக்கங்களில் வாரம் ஒன்றை விடுங்கள். போனைப் பார்ப்பது ஒரு வாரம், தாமதமாக வந்து முதலில் கிளம்புவது அடுத்த வாரம், சாப்பாட்டுத் தட்டையே பார்ப்பது அதற்கடுத்து. எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டால் தாங்காது.

7. அலுவலகக் கூட்டம்

முந்தைய நாளே என்ன பேசப்போகிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள். மூன்று வரி எழுதிக் கையில் வையுங்கள்: நேற்று முடித்தது, இன்று செய்வது, எங்கே மாட்டியிருக்கிறது. சொல்ல 45 விநாடிக்கு மேல் ஆகாது. மூன்றாவது வரியைத்தான் கூச்சத்தால் பலர் விழுங்குகிறார்கள். வேலை தாமதமானதும் "அன்னைக்கே ஏன் சொல்லல?" என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது.

நேர்க் கூட்டம் என்றால், நடத்துபவருக்கு எதிரே அல்லது அவர் கண் இயல்பாக விழும் இடத்தில் உட்காருங்கள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தால் அவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். இணையக் கூட்டத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வருவதால் வாசலைப் பிடிப்பது கடினம், இரண்டு பேர் மோதிக்கொள்வார்கள். மைக்கை முன்கூட்டியே திறந்து வையுங்கள். திறக்கும்போதே வாசல் மூடிவிடும். கையை உயர்த்தும் பொத்தானை அழுத்திவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், நடத்துபவர் அதைப் பார்ப்பதே இல்லை. சாட்டில் ஒரு வரி போட்டுவிட்டு, அடுத்த முற்றில் "சாட்ல போட்டிருக்கேன் சார், ஒரு வரியில சொல்லிடறேன்" என்று நுழையுங்கள்.

இங்கிலீஷ்தான் தடை என்றால், எல்லாவற்றையும் பேச வராது என்பதை ஏற்றுக்கொண்டு ஐந்தே வாக்கியம் மனப்பாடம் செய்யுங்கள்: கேள்வி கேட்க ஒன்று, திரும்பச் சொல்லச் சொல்ல ஒன்று, ஒத்துக்கொள்ள ஒன்று, மறுக்க ஒன்று, அவகாசம் கேட்க ஒன்று. மீதியைத் தமிழ் கலந்து சொல்லுங்கள். எதிரே தமிழ் தெரிந்தவர்கள் இருந்தால் யாரும் அதைக் குறையாக எடுப்பதில்லை.

கூட்டம் முடிந்த அன்றே, உங்கள் கருத்தை நாலு வரி மின்னஞ்சலாக அனுப்புங்கள். மறுநாள் அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். இது பேச்சுக்கு மாற்று இல்லைதான். ஆனால் ஆண்டு மதிப்பீட்டில் "பேசுவதே இல்லை" என்று எழுதினால் காட்ட உங்களிடம் தேதியோடு தாள் இருக்கும். தனி ஃபோல்டரில் சேர்த்து வையுங்கள்.

8. பேச்சை வெட்டினால்

வெட்டுவார்கள். வெட்டியதும் நிறுத்தி, சிரித்து, தலையைக் குனிந்துவிட்டால் அது பழகிவிடும். இரண்டே வார்த்தை: "இருங்க, முடிச்சிடறேன்." குரலை உயர்த்தாமல், அதே வேகத்தில், விட்ட இடத்திலிருந்து. பெரியவர் வெட்டினால் விட்டுக்கொடுத்து, அவர் முற்றில் "நீங்க சொன்னதோட சேர்த்து..." என்று திரும்பி வாருங்கள். ஒரே ஆள் தொடர்ந்து வெட்டினால் கூட்டத்தில் சண்டை வேண்டாம். தனியாகப் பிடித்து, "நான் பேச ஆரம்பிச்சா எனக்கு ரெண்டு வரி ஆகும், அதுவரைக்கும் விடுங்களேன்" என்று சொல்லிவிடுங்கள். வேண்டுமென்று வெட்டாதவர்கள் இதிலேயே நிறுத்திவிடுவார்கள்.

சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று: நம்பிக்கையான ஒருவரை முன்பே பிடித்து வையுங்கள். "கூட்டத்துல என்னை ஒருதரம் கேளு, 'நீ என்ன நினைக்கற'ன்னு இல்ல, 'அந்த டெஸ்ட் ரிசல்ட் என்னாச்சு'ன்னு." பொதுக் கேள்விக்கு வாய் அடைக்கும், குறிப்பான கேள்விக்குத் திறக்கும்.

9. வீட்டிலும் உறவிலும்

"ஏன் பேசவே மாட்டேங்கற?" என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருக்க வேண்டும். "இல்லியே" என்பது மோசமான பதில், அடுத்த கேள்வியைக் கூப்பிடும். "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் அத்தை, அந்தக் காதுகுத்து எப்போ?" என்று ஒரு சொல்லில் ஒத்துக்கொண்டு பேச்சை அவரிடமே திருப்புங்கள்.

புதிதாகக் கல்யாணமாகிப் போன பெண்களுக்குக் கூடத்தை விட அடுப்படி எளிது. கை வேலையில் இருக்கும்போது கண் பார்க்கத் தேவையில்லை, மௌனம் உறுத்தாது. "அத்தை, உங்க வீட்டுல ரசத்துக்குப் பருப்புத் தண்ணி சேர்ப்பீங்களா?" என்ற கேள்விக்கு இரண்டு நிமிடப் பதில் நிச்சயம் வரும். கணவர்மார்களே, கூட்டத்தில் "இவ பேச மாட்டா" என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். அந்த ஒரு வாக்கியம் ஒரு மாதப் பயிற்சியை அழித்துவிடும்.

10. பழக இடம், செலவு

எட்டாம் வாரம் நோட்டை மறுபடி ஏழு நாள் எழுதுங்கள். விட்ட இடங்கள் பாதியாகக் குறைந்திருந்தால் இதே வழியில் போகலாம். குறையவே இல்லை என்றால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். அங்கேதான் எதையோ தாண்டி வந்திருக்கிறீர்கள்.

மேடைப் பழக்கம் வேண்டுமென்றால், உறுப்பினர்களே கூடி மேடைப் பேச்சுப் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்கள் இருக்கின்றன. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். விருந்தினராகக் காசு கட்டாமல் போகலாம், பேசச் சொன்னால் "இன்னைக்குப் பாத்துட்டுப் போறேன்" என்று மறுக்கலாம். சேர்ந்தால் அரையாண்டுக்கு 60 டாலர், புது உறுப்பினருக்கு ஒருமுறை 20 டாலர். அரையாண்டு ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும். நடுவில் சேர்ந்தால் மீதி மாதங்களுக்கு மட்டும். சில மன்றங்கள் அறை வாடகை என்று தனியாக வாங்கும், சேரும் முன் கேளுங்கள். தமிழில் நடக்கும் மன்றங்களும் உண்டு. போனதும் உரை நிகழ்த்தப் பெயர் கொடுக்காதீர்கள். நேரம் குறிப்பவர் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள்: எழுதி வைத்ததை எழுந்து நின்று வாசிக்கும் வேலை அது. பிறகு ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் வரை திடீர்த் தலைப்பில் பேசும் சுற்று. நாலிலிருந்து ஆறு நிமிட முதல் உரை அதற்கப்புறம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அங்கே நேரம் உங்களுக்கென்று ஒதுக்கிக் கொடுக்கிறார்கள். டீக்கடையில் கொடுக்க மாட்டார்கள். ஆகவே நான்காம் படியை விட்டுவிட்டு இதில் மட்டும் சேராதீர்கள்.

கிராமத்தில் இருப்பவர்களுக்குச் செலவே இல்லாத இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். முதல் முறை சும்மா போய் உட்காருங்கள். இரண்டாம் முறை உங்கள் தெரு விளக்கையோ குடிநீர்க் குழாயையோ பற்றி மனு எழுதி இரண்டு படி கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றைப் பார்த்து மூன்று வாக்கியம் வாசியுங்கள்: எந்தத் தெரு, எத்தனை நாளாக, என்ன வேண்டும். கை நடுங்கும் என்றால் தாளைக் கெட்டி அட்டையில் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், நடுக்கம் தெரியாது. உட்காரும் முன் உங்கள் மனு கூட்டப் பதிவேட்டில் ஏறியதா என்று கேளுங்கள். அது நாலாவது வாக்கியம்.